விரிவுரைக்குப் போகாத பிள்ளை படிக்கிறதா?



எமது ஞாயிறு மாலை நிகழ்ச்சி ஒன்றில் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்புப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். அவர் கேட்டது இதுதான்:

"தம்பி, என்ர பேரன் யூனிவர்சிற்றியில சேர்ந்து அஞ்சு மாசம். கட்டிலில இருந்துகொண்டு லப்டொப்பைப் பார்க்கிறான். என்னடா எண்டு கேட்டா, 'அம்மம்மா, இதுதான் லெக்சர்' எண்டுறான். உது படிப்போ?"

கலையகத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மாவும் சிரித்தார். நிகழ்ச்சி முடிய நான்கு நிமிடமே இருந்ததால் ஏதோ அரைகுறையாகப் பதில் சொல்லி முடித்தேன். அந்த வாரமே மூன்று பெற்றோர் தனியாக அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. ஆகவே அந்த அம்மாவுக்குச் சொல்லவேண்டிய முழுப் பதிலையும் இங்கே எழுத முயல்கிறேன்.

நான் கல்வியியல் படித்தவன் அல்லன். தொழிலால் கணக்காளன். பழைய முறையிலும் படித்தேன், புதிய முறையிலும் படித்தேன், ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஒரு பாடமும் கற்றுக்கொண்டேன். எனக்குள்ள தகைமை அவ்வளவுதான்.

நாங்கள் படித்த முறை

'லெக்சர்' என்ற சொல் இலத்தீன் மொழியில் 'வாசித்தல்' என்ற பொருளில் இருந்து வந்தது. ஐரோப்பாவில் பொலோக்னா, பாரிஸ் போன்ற நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில் அச்சு இயந்திரம் கிடையாது. புத்தகங்களைக் கையால் எழுதினார்கள். அவற்றின் விலை சாதாரண மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆசிரியர் முன்னால் இருந்து நூலை வாசிப்பார், விளக்கம் சொல்வார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். 15ஆம் நூற்றாண்டில் குட்டன்பேர்க்கின் அச்சுமுறை வந்து புத்தகம் மலிந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. 1990களின் முற்பகுதியில் நான் அங்கே வணிகமாணிப் பட்டத்துக்குப் படித்தேன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், பற்றரி, கடதாசி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஒரு நல்ல கணக்கியல் புத்தகத்துக்கு ஒரு பிரதிதான் இருக்கும், அதற்கு ஒரு வகுப்பே வரிசையில் நிற்கும். விரிவுரையாளர் சொல்லச் சொல்ல நாங்கள் கொப்பியில் எழுதினோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் அதைப் பாடமாக்கினோம். அந்தக் கொப்பிதான் எங்களுக்கு நூலகம். அச்சு இயந்திரம் வருவதற்கு முந்திய மாணவனும் நாங்களும் ஏறக்குறைய ஒரே வாங்கில்தான் இருந்தோம்.

அந்த முறையை இகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. இரண்டு நன்மைகளை அதில் கண்டேன். ஒன்று, நேரம். காலை எட்டு மணிக்கு வகுப்பென்றால் எட்டு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவனுக்கே தெரிந்துவிடும். மற்றது, கரும்பலகை. எங்களுக்குக் கணக்கியல் படிப்பித்த ஐயா இறுதிக் கணக்குகளை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் எங்கள் கண் முன்னால் செய்து காட்டுவார். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு, பிழையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பார். அவர் எங்கே நின்று யோசிக்கிறார் என்பதையும் நாங்கள் பார்த்தோம். இந்தக் கரும்பலகையை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருவேன்.

புத்தகம் திறந்திருந்தும் சித்தியில்லை

1990களின் பிற்பகுதியில் சிட்னிக்கு வந்து, இங்கே தொழில் செய்வதற்கான தகைமைப் பரீட்சைகளுக்குத் தபால்வழியில் படித்தேன். பகலில் வேலை, இரவில் படிப்பு. ஒரு பாடத்துக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தே பரீட்சை எழுதலாம் என்றார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பாடமாக்கியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சந்தோஷமாகப் போனேன். சித்தியடையவில்லை.

அந்த வினாத்தாளில் வரைவிலக்கணம் எதையும் கேட்கவில்லை. ஒரு நிறுவனத்தின் நிலைமையை இரண்டு பக்கத்தில் விவரித்து, "இவர்கள் இந்த வருமானத்தை இந்த ஆண்டுக் கணக்கில் காட்டலாமா? உமது ஆலோசனை என்ன?" என்று கேட்டிருந்தார்கள். விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை இந்த ஆளுக்கு எப்படிப் பொருத்துவது என்பதை நான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், ஒப்புவித்திருக்கிறேன். நானாகச் செய்ததில்லை. பழைய முறையின் குறை என்ன என்பதை அன்று அந்த மண்டபத்தில் விளங்கிக்கொண்டேன்.

இரண்டு வேறு விடயங்கள்

இன்று பல்கலைக்கழகங்களின் கையேடுகளில் 'நெகிழ்வான கல்வி', 'மாணவரை மையப்படுத்திய கல்வி' என்று இரண்டு சொற்றொடர்கள் சேர்ந்தே வரும். பெற்றோராகிய நாம் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

நெகிழ்வு என்பது எப்போது, எங்கே, என்ன வேகத்தில் படிப்பது என்பதைப் பற்றியது. இது எமக்குப் புதிதல்ல. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரிப் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, மாணவர்களை இலண்டன் பட்டங்களுக்கே தயார்ப்படுத்தியது. எங்கள் பாட்டன்மார் காலத்தில் 'இலண்டன் பீ.ஏ.' என்று பெயர்ப் பலகையில் போட்டவர்கள் பலர் இலண்டனைக் கண்ணால் கண்டதில்லை. அவுஸ்திரேலியாவில் ஆர்மிடேலில் உள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் 1955இல் வெளிவாரிக் கற்கையைத் தொடங்கியது. தூரத்து ஊர்களில் வேலை செய்த ஆசிரியர்களுக்கும் மற்றவர்களுக்கும் பாடக் குறிப்புகள் தபாலில் போயின.

மாணவரை மையப்படுத்துதல் என்பது வேறு. வகுப்பில் வேலை செய்வது யார் என்பதுதான் இங்கே கேள்வி. கனடாவில் ஹமில்ற்றன் நகரில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1969இல் ஒரு புதிய வழியைத் தொடங்கியது. மாணவர்கள் சிறு குழுவாக இருந்து ஒரு நோயாளியின் பிரச்சினையை எடுத்து, அதற்கு என்ன தெரியவேண்டும் என்று தாங்களே தேடிப் படிப்பார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்து வழிநடத்துவார். எமது மாநிலத்தில் நியூகாசில் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இதே வழியைக் கைக்கொண்டது. மெல்பேர்ணில் உள்ள விக்ரோறியாப் பல்கலைக்கழகம் 2018இல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இன்னொரு மாற்றத்தைச் செய்தது. நான்கு பாடங்களை ஒன்றாகப் படிக்காமல், நான்கு வாரத்துக்கு ஒரே பாடம். பெரிய மண்டப விரிவுரைக்குப் பதிலாகச் சிறு வகுப்பு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மக்மாஸ்ரர் குழுவுக்கு மாணவன் நேரில் வந்தே ஆகவேண்டும். அது மாணவரை மையப்படுத்தியது, ஆனால் அவ்வளவு நெகிழ்வானதல்ல. மறுபக்கம், ஒலி ஒளிப்பதிவு செய்த விரிவுரையைக் கட்டிலில் இருந்து பார்ப்பது மிக நெகிழ்வானது. ஆனால் அங்கே நடப்பது அந்தப் பழைய விரிவுரையேதான். ஆசிரியர் பேசுகிறார், பிள்ளை கேட்கிறது. எட்டு மணி என்ற கட்டாயமும், பக்கத்தில் இருக்கும் நண்பனும் மட்டும் இல்லாமல் போய்விட்டன.

எங்கள் வீட்டில் நடந்தது

மகனின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவன் 2022இல் வர்த்தகப் பட்டத்துக்குச் சேர்ந்தான். கொரோனாவுக்குப் பிறகு விரிவுரைகள் பெரும்பாலும் பதிவாகவே கிடைத்தன. கதவைச் சாத்திக்கொண்டு படித்தான். நாங்களும் தேநீரை வாசலில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் வந்துவிடுவோம்.

அந்த வருட டிசெம்பரில் ஒரு ஞாயிறு. என்னை வானொலிக் கலையகத்துக்கு அவன்தான் காரில் கொண்டுபோனான். வாசலில் நிறுத்தியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான்: "அப்பா, ரெண்டு பாடம் போயிட்டுது." அதில் ஒன்று கணக்கியல்.

இருபது நிமிடத்தில் நான் ஒலிவாங்கியின் முன்னால் இருக்கவேண்டும். அன்று என்ன அறிவித்தேன், என்ன பாட்டுப் போட்டேன் என்பது இன்றைக்கும் நினைவில்லை. கணக்காளன் மகன் கணக்கியலில் தவறிவிட்டான் என்று ஊர் சொல்லுமே என்பதுதான் முதலில் வந்த எண்ணம். அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பிள்ளை இதை எத்தனை நாள் தனியே சுமந்தான் என்ற எண்ணம் இரவில்தான் வந்தது.

அடுத்த நாள் கேட்டேன், "ஏன் ராசா, விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே?" அவன் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். "விளங்கினதப்பா. வீடியோ பார்க்கேக்க எல்லாம் விளங்கினமாதிரித்தான் இருந்தது. சோதினையிலதான் ஒண்டும் வரேல்ல."

மேலும் விசாரித்தபோது, ஒன்பதாம் வாரத்தில் பார்க்காத பதிவுகள் பதினான்கு சேர்ந்திருந்தன என்றான். பிறகு அவற்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் இரண்டு நாளில் பார்த்து முடித்திருக்கிறான். எங்கள் தொழிலில் சொன்னால், பொருந்தாத தொகை எல்லாவற்றையும் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு, அதைத் தீர்க்காமலே ஐந்தொகையில் கையெழுத்து வைத்ததுபோல.

ஆராய்ச்சிகள் சொல்வது

'விளங்கினமாதிரி இருந்தது' என்பது என் மகனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப பௌதிக வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குத் திறமையான ஆசிரியரின் தெளிவான விரிவுரை. மற்றப் பகுதியினர் அதே விடயத்தைத் தாங்களே குழுவாக முட்டிமோதிச் செய்தார்கள். விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் கூடுதலாகக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தார்கள். சோதித்தபோது கூடுதலாகக் கற்றிருந்தவர்கள் முட்டிமோதியவர்கள்தான். நல்ல பேச்சைக் கேட்கும்போது வரும் திருப்தியை நாம் அறிவென்று நம்பிவிடுகிறோம். வானொலியில் பேசுகிற எனக்கும் இது ஓர் எச்சரிக்கை!

2014இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 100க்கு 34 பேர் தவறினார்கள். மாணவர்கள் வகுப்பில் தாங்களே செய்து கற்ற இடங்களில் 22 பேர்.

அப்படியானால் ஆசிரியர் ஒதுங்கி நின்று, பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? இங்கேதான் அந்தக் கரும்பலகைக்குத் திரும்பி வருகிறேன். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்வெல்லர் என்ற பேராசிரியர் 1980களில் இருந்து இதை ஆராய்ந்தவர். மனிதன் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடியது மிகச் சொற்பம். ஒரு விடயத்தைப் புதிதாகப் படிப்பவனிடம் கடினமான கணக்கைக் கொடுத்து நீயே செய் என்றால், வழி தேடுவதிலேயே அவனுடைய மூளை களைத்துப்போகும், கற்பதற்கு இடம் இருக்காது. அவனுக்கு முதலில் முழுமையாகச் செய்து காட்டிய உதாரணங்கள் வேண்டும். 1985இல் அட்சரகணித மாணவர்களிடம் ஸ்வெல்லரும் கூப்பரும் நடத்திய பரிசோதனைகள் இதைக் காட்டின. ஆனால் மாணவன் தேர்ச்சி பெற்ற பிறகு அதே உதாரணங்கள் அவனுக்கு உதவுவதில்லை, தடையாகவும் ஆகலாம். அப்போது அவன் தானே செய்யவேண்டும்.

ஆகவே பழையதா புதியதா என்ற பட்டிமன்றத்துக்கு ஒற்றைத் தீர்ப்பு இல்லை. தொடக்கத்தில் எங்கள் ஐயாவின் கரும்பலகை வேண்டும். பிறகு படிப்படியாகச் சோக்கட்டியை மாணவன் கையில் கொடுக்கவேண்டும். எங்கள் காலத்தில் சோக்கட்டி கடைசி வரை ஐயாவின் கையிலேயே இருந்தது. இன்று சில இடங்களில் முதல் நாளே பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் போய்விடுகிறார். இரண்டும் பிழைதான்.

அந்தக் கோடை விடுமுறையில் நானும் மகனும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். முதல் நாள் நான் செய்தது என்ன தெரியுமா? இரண்டு மணித்தியாலம் விரிவுரை! அவன் தலையாட்டினான். மறுநாள் ஒரு கணக்கைக் கொடுத்தேன், பேனா அசையவில்லை. பிறகு முறையை மாற்றினேன். ஒரு கணக்கை முழுவதும் செய்து காட்டினேன். அடுத்ததைப் பாதி செய்து மீதியை அவனிடம் விட்டேன். மூன்றாவதை அவன் தனியே செய்தான், பிழைகளுக்கு மட்டும் நான் கோடு போட்டேன். பட்டத்தை அரை வருடம் பிந்தி முடித்தான். பிந்தினாலும் முடித்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, நேரக் கணக்கு. பல பல்கலைக்கழகங்கள் ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணித்தியால உழைப்பை எதிர்பார்க்கின்றன. நான்கு பாடத்துக்கு 40. இதில் விரிவுரை, ரியூட்டோரியல் எல்லாம் சேர்த்து ஒரு பாடத்துக்கு 3 மணித்தியாலம் என்றால் 12தான் அட்டவணையில் தெரியும். மீதி 28 மணித்தியாலம் எந்த அட்டவணையிலும் இராது. நெகிழ்வான கல்வி என்று சொல்லி அந்த 28 மணித்தியாலத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் ஒரு பகுதிநேர வேலையும் புகுந்துவிடும். வாரத்தாளில் அந்த 28ஐயும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சென்சஸ் திகதி. முதலாம் பருவத்துக்கு இது பெரும்பாலும் மார்ச் மாத இறுதியிலும், இரண்டாம் பருவத்துக்கு ஓகஸ்ட் மாத இறுதியிலும் வரும். சரியான திகதியைப் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியில் பாருங்கள். அதற்கு முன் ஒரு பாடத்தை விட்டால் கடன் இல்லை. பிறகு விட்டாலும் தவறினாலும் ஹெக்ஸ் கடன் ஏறும். என் மகன் தவறிய இரண்டு பாடங்களுக்கும் ஏறிய கடன் 3,600 டொலருக்கு மேல். பாடங்களில் பாதிக்கு மேல் தவறினால் அரசாங்க உதவி நிறுத்தப்படும் என்று 2022இல் வந்த விதி 2024இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பின்தங்கும் மாணவர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றைப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கவேண்டும். பிள்ளை போய்க் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பதினெட்டு வயதான பிள்ளையின் பெறுபேற்றைப் பல்கலைக்கழகம் அதன் சம்மதம் இல்லாமல் எமக்குச் சொல்லாது. பிள்ளை சொன்னால்தான் தெரியும். தவறியதைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று பிள்ளை நினைக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எமக்குச் செய்தி வரும்.

நான்காவது, கேள்வியை மாற்றுங்கள். "இண்டைக்கு லெக்சருக்குப் போனியா?" என்று கேட்காதீர்கள். "இந்தக் கிழமை நீ என்ன செய்து குடுத்தனி? அதைத் திருத்தி என்ன சொன்னவை?" என்று கேளுங்கள். ஒப்படை, பயிற்சிக் கணக்கு, குழு வேலை எதுவாகவும் இருக்கலாம். மூன்று கிழமை தொடர்ந்து 'ஒண்டும் இல்லை' என்று பதில் வந்தால், பிள்ளை மண்டபத்தில் இருந்தாலும் கட்டிலில் இருந்தாலும் கவலைப்படவேண்டிய நேரம் அதுதான்.

முடிக்கும்போது ஒரு பழைய நினைவு. யாழ்ப்பாணத்தில் பற்றரி இல்லாத அந்த நாட்களில் நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிற கை நின்றால் செய்தியும் நின்றுவிடும். ஆகவே சுற்றுகிறவன் ஒரு வார்த்தையையும் தவறவிடமாட்டான். சாய்ந்திருந்து கேட்டவர்கள்தான் பிறகு அவனிடம் "என்னவாம்?" என்று கேட்பார்கள்.

தொலைபேசியில் வந்த அம்மாவுக்கு என் பதில் இது: அம்மா, உங்கள் பேரன் கட்டிலில் இருப்பது பிழையில்லை. பார்த்து முடித்ததும் லப்டொப்பை மூடிவிட்டு, பேனையும் கடதாசியும் எடுக்கிறானா என்று மட்டும் பாருங்கள். எடுத்தால் அது படிப்புத்தான். எடுக்காவிட்டால், சத்தம் போடாமல் ஒரு கோப்பைத் தேநீரோடு போய்ப் பக்கத்தில் இருந்து, "அப்பு, இப்ப பார்த்ததை எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்லப் பார்க்கும்போது, தனக்கு எது விளங்கவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிடும்.